பழ அறையில் ஒரு சீமாட்டி

பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவிடம் தினமும் சண்டை போடுகிறீர்களா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா?

ஆய்வு நிலையம் என்றால் நான்கு அறை, ஒரு தகரக் கூரை, சுற்றிலும் காடு. தொலைபேசி கிடையாது. வாரம் ஒருமுறை ஜீப் வரும், தபால் அதில்தான்.

உங்களிடம் விட்டுவந்த செடி விஷயம். வழியனுப்ப வந்தபோது நீங்கள் தலையாட்டிய வேகத்திலேயே எதுவும் காதில் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் மறுபடி எழுதுகிறேன். அது புரோமிலியாட் வகை. அன்னாசிக்கு உறவு. மண்ணில் வளராது, மரக்கிளையில் உட்கார்ந்து வாழும். இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று நினைக்கிறேன், ஆனால் இலையைக் காட்டிச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பூவைப் பார்த்தாக வேண்டும். அது இருந்த மரம் புயலில் விழுந்து ஆற்றோடு போய்விட்டது. எனக்குத் தெரிந்து உலகத்தில் இருப்பது உங்கள் மாடியில் இருக்கும் அந்த ஒன்றுதான். இன்னொன்று கிடைக்காதா என்றுதான் இங்கே கயிறு கட்டி மரம் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

மாடி ஜன்னலிலேயே இருக்கட்டும். இலைகள் நடுவில் கிண்ணம் மாதிரி இருக்கிறதே, தண்ணீரை அதில் ஊற்றுங்கள். அழுக்குத் தண்ணீர் என்று கொட்டிக் கழுவாதீர்கள். அம்மாவிடம் விடாததற்கு அதுதான் காரணம். முக்கியமாக, கீழே கடைக்குக் கொண்டுபோகவே கூடாது. பழங்கள் பக்கம் ஆகாது. ஏன் என்று கேட்காதீர்கள், பெரிய கதை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 17

அன்புள்ள மருமகளே,

எட்டுத் திக்கும் மணக்கும் பழக்கடையின் ஏக சக்கரவர்த்தியும், வாழைத்தார்களின் காவல் தெய்வமும், உன் அம்மா ஒருத்தியிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கும் மாவீரனுமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், தார்கள் நலம், அக்காவின் கோபம் பரம சௌக்கியம். உன் உடம்பு, உன் கயிறு, கயிறு கட்டிய கிளை ஆகிய மூன்றின் நலத்தையும் உடனே தெரிவிக்கவும்.

சட்டங்களைப் படித்தேன். மற்றவை சரி. பழங்கள் பக்கம் ஆகாது என்றாயே, என் பழங்களுக்கு என்ன அம்மை போட்டிருக்கிறதா? ஆப்பிள்கள் முகம் சிவந்துவிட்டன. பேரிக்காய் ஒன்று இரவெல்லாம் அழுது ஒரு பக்கம் கன்றிப்போனது.

பெயரில்லாதவளை 'ஏய்' என்றா கூப்பிடுவது? 'சீமாட்டி' என்று வைத்துவிட்டேன். அதன் கிண்ணத்தில் முந்தாநாள் ஒரு கொசுப்புழு நீந்தியது. இன்றைக்கு அங்கே ஒரு கடற்படையே நிற்கிறது. தளபதிக்கு மீசை இருக்கிறது.

ஊர்ச் செய்தி: பக்கத்தில் இருந்த தையல்கடை போய் ஒரு கண்ணாடிக்கடை வந்திருக்கிறது. கடைக்காரம்மா தனி ஆள். சிரிப்பதற்குக் கூட அளவுகோல் வைத்திருக்கிறார். வாழைப்பழம் வாங்க வந்தார். நான் சும்மா இருப்பேனா?

"நம்ம கடைப் பழத்தை தினம் ஒண்ணு சாப்பிட்டா போதும்மா, ஆயுசுக்கும் கண்ணாடியே வேண்டாம்!"

"அப்படியா? நீங்க எத்தனை வருஷமா சாப்பிடறீங்க?"

"பொறந்ததிலேர்ந்து!"

"எதிர்ல அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

நான் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறேன். மேற்கொண்டு எதுவும் கேட்காதே.

உன் பராக்கிரம மாமா

*

மார்ச் 10

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். கயிறும் கிளையும் உங்களை விசாரித்தன. கண்ணாடி போட்ட முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நேற்று ஒரு பெரிய மரத்தின் உச்சிக்குப் போனேன். அங்கே கிளை முழுக்க புரோமிலியாட்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னக் குளம். என் விரல்நுனியில் உட்காரக்கூடிய ஒரு தவளை, தலைப்பிரட்டையை முதுகில் சுமந்துகொண்டு தரையிலிருந்து அவ்வளவு உயரம் ஏறி வந்து, ஒரு குளத்தில் இறக்கிவிட்டுப் போனது. ஒரு குளத்துக்கு ஒரு பிள்ளை. மறுபடி மறுபடி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டும் போகிறது. எந்தப் பிள்ளை எந்தக் குளம் என்று அதற்கு எப்படித்தான் தெரிகிறதோ! விழுந்து மக்கும் இலை, புழு பூச்சியின் எச்சம், இதுதான் செடிக்குச் சாப்பாடு. மரத்திடமிருந்து ஒரு சொட்டு எடுக்காது. உட்கார இடம் மட்டும் போதும்.

அதனால் கடற்படையை விட்டுவையுங்கள். மாடிக்குக் கொசு வந்தால் வலை கட்டிக்கொள்ளுங்கள்.

நம் செடியைப் போல இன்னொன்று இன்னும் கண்ணில் படவில்லை. ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்களேன், நடுக்கிண்ணம் தெளிவாகத் தெரியும்படி.

அன்புடன்,
மருமகள்

*

ஏப்ரல் 2

தவளைகளின் தோழியே,

நலம், நலம், நலத்தின் மேல் நலம். முழங்கால் வலி நாட்டை விட்டே ஓடிவிட்டது. தினமும் நடக்கிறேன். எங்கே என்று கேட்காதே. பக்கத்துக் கடை வரைதான்.

உன் தவளையின் கதையைக் கண்ணாடிக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மரம் எத்தனை மீட்டர்?" நான் "வானத்துக்கு முக்கால்வாசி" என்றேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அதுல ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க" என்றார். யாரும் இப்படி என்னிடம் பேசியதில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சீமாட்டி கொழுகொழுவென்று இருக்கிறாள். இலைகள் மினுமினுக்கும் மினுமினுப்பில் தெருவிளக்குகள் வெட்கி அணைந்துவிடுகின்றன. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என் முதல் வணக்கம் அவளுக்குத்தான். கேட்ட படத்தை இணைத்திருக்கிறேன். கலைநயத்துக்காக நானும் சற்று நிற்கிறேன்.

உன் அழகு மாமா

*

ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம், ஒரு அட்டையைத் தவிர. அது என்னைக் கடித்தது.

படம் கிடைத்தது. நீங்கள், உங்கள் கண்ணாடி, உங்கள் புதுச் சட்டை. செடி உங்கள் முழங்கைக்குப் பின்னால் அரை இலை அளவு தெரிகிறது. அதற்கும் பின்னால் மஞ்சளாக, கொத்துக் கொத்தாக ஏதோ தொங்குகிறது.

இரண்டு கேள்விகள். மாடியில் ஏது ஷட்டர்? அந்த மஞ்சள் என்ன?

பதிலை எதிர்பார்க்கும்,
மருமகள்

*

மே 28

மருமகளே! மருமகளே! மருமகளே!

உடம்பு நலமா என்றெல்லாம் விசாரிக்க நேரமில்லை. நலமாகத்தான் இருப்பாய், இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் சீமாட்டி பூக்கப் போகிறாள்!

முதலில் நடுக்கிண்ணத்தைச் சுற்றி இலைகள் சிவந்தன. அந்தச் சிவப்பைப் பார்த்து தெருவில் போக்குவரத்தே நின்றுவிட்டது. பிறகு கிண்ணத்தின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது. தண்டா அது! கப்பலுக்குப் பாய்மரம்! காலையில் பார்த்தபோது என் முட்டி உயரம், மதியம் இடுப்பு உயரம், சாயங்காலம் உத்தரத்தில் இடித்து 'அம்மா' என்றது. நேற்று வெளிநாட்டிலிருந்து மூன்று தேனீக்கள் முன்பதிவு செய்துகொண்டு வந்து இறங்கியிருக்கின்றன.

உடனே கிளம்பி வா. உன் பழைய கடிதத்தில் ஏதோ கேள்விகள் இருந்தன. அந்தத் தாளில் மழை பட்டு எழுத்து அழிந்துவிட்டது.

தோட்டக்கலைப் பேரரசன்,
மாமா

*

ஜூன் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நிலையத்தில் எல்லோரும் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். உத்தரத்தில் இடித்த இடத்தில் தலைவர் நாற்காலியிலிருந்தே விழுந்தார்.

ஆனால் மாமா, நான் வரவில்லை. என்னை ஊருக்கு வரவழைக்க நீங்கள் இதுவரை சொன்ன காரணங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. கிரேன் வைத்து இறக்கிய பப்பாளி. உங்கள் தராசில் முட்டையிட்ட கழுகு. போன வருடம், அம்மா பேசாமல் இருக்கிறாள் என்ற செய்தி. அது ஒன்றிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

செடி இன்னும் சின்னது. மாடி ஜன்னலில் இருந்தால் அது பூக்க இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். இங்கே மழைக்கு முன் ஒரே ஒரு சரிவு பாக்கி. தேடிவிட்டு வருகிறேன்.

கோபப்படாதீர்கள். நீங்கள் இப்படி எழுதாவிட்டால்தான் எனக்குக் கவலை.

அன்புடன்,
மருமகள்

*

ஜூன் 15

மருமகளே,

நான் நலமாக இல்லை.

பூத்துவிட்டது. மெய்யாகவே பூத்துவிட்டது. ஊதாப் பூ. காலையில் ஒன்று விரிகிறது, பொழுது சாய்வதற்குள் சுருண்டுவிடுகிறது. மறுநாள் அதற்கு மேலே இன்னொன்று. அடியிலிருந்து உச்சிக்கு ஏறிக்கொண்டே போகிறது. உச்சிக்குப் போனதும் அவ்வளவுதான். நான் கிரேன் இல்லாமல், கழுகு இல்லாமல் எழுதுகிறேன், பார். ஆனால் அந்த ஊதா இருக்கிறதே, ஆயிரம் மயில்கள் ஒன்றாகச் சேர்ந்து...

இல்லை, நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய். தாளை உன் அம்மாவிடம் கொடுத்தேன். "என் தம்பி சொல்றதுக்கு நான் சாட்சி கையெழுத்துப் போட்டா என்னையும் சேர்த்து நம்ப மாட்டா" என்று சொல்லிவிட்டாள். ஆகவே, பிறந்ததிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கூடக் கூட்டிச் சொல்லாத ஒருவரைக் கேட்டிருக்கிறேன். அவர் கடிதம் தனியாக வரும். அதை நம்பு.

மாமா

*

ஜூன் 16

ஆய்வாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமென்று நினைக்கிறேன். நான் உங்கள் மாமாவின் கடைக்கு அடுத்த கண்ணாடிக்கடையை நடத்துகிறேன். உங்கள் செடியைப் பற்றி, நான் பார்த்ததை மட்டும் எழுதும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

செடி பூத்திருக்கிறது. பூந்தண்டின் உயரம் முப்பத்தொரு சென்டிமீட்டர். அது உத்தரத்தில் இடிக்கவில்லை. பூவிதழ் மூன்று, ஊதா, அடியில் வெள்ளை. ஒவ்வோர் இதழின் உள்பக்கத்திலும் அடியில் இரண்டு சிறு செதில்கள் இருக்கின்றன. இவை வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்மணி இடைவெளி அளக்கும் அளவுகோலால் அளந்து வரைந்த படம் இத்துடன் இருக்கிறது. இன்னும் விரியாத மொட்டுகள் பாதிக்கு மேல் உள்ளன.

இன்னொன்றும் எழுத வேண்டும். செடி மாடியில் இல்லை. பிப்ரவரி கடைசியிலிருந்து அது கடையின் பின்னால் இருக்கும் வாழைத்தார் பழுக்க வைக்கும் அறையில் இருக்கிறது. அந்த அறையின் ஜன்னலும் என் மேசை ஜன்னலும் எதிரெதிரே உள்ளன. "அது என்ன செடி?" என்று ஒருநாள் கேட்டேன். மறுநாள் அதை நான் பார்க்கும் இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அப்போது நீங்கள் தடை சொன்னது எனக்குத் தெரியாது. இதை எழுத வேண்டாம் என்று இப்போது எதிரில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளதை எழுதத்தானே என்னைக் கேட்டார், அதனால் எழுதுகிறேன்.

அவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இதையும் பார்த்தேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கடை

*

ஜூன் 23

அன்புள்ள மாமாவுக்கும் மதிப்புக்குரிய கண்ணாடிக்காரம்மாவுக்கும்,

முதலில் சாப்பிடுங்கள் மாமா.

இதழ் அடியில் இரண்டு செதில்! அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த குரங்குகள் வேறு காட்டுக்குக் குடிபோயின. (இது உங்கள் ரத்தம்தான், மாமா.) இந்த அமைப்போடு இப்படி ஒரு செடியை இதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

பெரிய கதை என்றேனே, அதைச் சொல்கிறேன். பழுக்கும் பழம் ஒரு வாயுவை விடுகிறது. ஒரு தார் பழுத்தால் பக்கத்துத் தாரும் பழுப்பது அதனால்தான், உங்களுக்குத் தெரியாததல்ல. அதே வாயு பட்டால் அன்னாசிக் குடும்பத்துச் செடிகள் பூத்துவிடும். நீங்கள் சீமாட்டியை மூன்று மாதம் அந்த வாயுவிலேயே குளிப்பாட்டியிருக்கிறீர்கள். இது தெரிந்தும் நான் ஏன் செய்யவில்லை? ஒரு செடி ஒரு முறைதான் பூக்கும். அதன் பிறகு மெல்ல மெல்லப் பட்டுப்போகும். அதற்குள் அடியில் கன்று விட்டால் வம்சம் நிற்கும். சின்னச் செடி, கன்று விடுமா என்று தெரியாது. விடாவிட்டால் உலகத்தில் இருந்த ஒன்றும் போய்விடும். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. உங்களுக்கு வந்தது, ஏனென்றால் உங்களுக்கு விஷயம் தெரியாது. அதுவும் ஒரு ஜன்னல் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக!

கோபப்பட உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த ஜன்னலை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வெள்ளத்தில் பாலம் முழுகிவிட்டது. தபால் பையைக் கயிற்றில் கட்டி அக்கரைக்கு இழுக்கிறார்கள், என்னையும் அப்படியே இழுங்கள் என்றேன், தலைவர் சம்மதிக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஓடி வருகிறேன். அதுவரை கண்ணாடிக்காரம்மா, நீங்கள் நாளுக்கொரு பூவை முழுதாக வெட்டி, லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட் இருந்தால் அதில் போட்டு மூடி வையுங்கள். செடியைப் பழ அறையிலிருந்து மாடிக்கு மாற்றிவிடுங்கள்.

மருமகள்

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக நிலையத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த மூட்டையை ஜீப்பில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

உச்சியில் இருந்த கடைசி மொட்டு விரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததையும்தான்.

புது இனம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கண்ணாடிக்காரம்மாவின் பாட்டில்களைத் தலைவர் கையில் எடுத்து, "இவ்வளவு சுத்தமாக எங்கள் ஆட்களே செய்ததில்லை" என்றார். உங்கள் பெயரை வைக்க வேண்டும் என்று அங்கே கேட்டீர்கள், உங்கள் பட்டங்களோடு. அவ்வளவு நீளப் பெயரை அட்டையில் எழுத இடமில்லை. லத்தீனில் 'முந்திக்கொண்டவள்' என்று பொருள் வரும்படி வைத்திருக்கிறேன். முந்திரிக்கொட்டைத்தனம் யாருடையது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் புறப்படும்போது அடியில் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். கன்று எதுவும் இல்லை. வெளி இலைகள் பழுக்க ஆரம்பித்திருக்கின்றன. இங்கே கடைசிச் சரிவிலும் தேடிவிட்டேன், இல்லை. பெயர் வைத்த கையோடு அதை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது மாமா. எது நடந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் மாடிப்படியில் ஏழாவது படி ஆடும் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடிக்காரம்மா சர்வசாதாரணமாக அதைத் தாண்டி ஏறினார். நான் எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
மருமகள்

*

அக்டோபர் 30

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முன்பே எழுதாததற்குக் காரணம், எழுத எதுவும் இல்லை. தினமும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கமில்லை.

இன்று காலையில் சீமாட்டியின் அடியில் இரண்டு கன்றுகளைப் பார்த்தேன். பச்சையாக இருக்கின்றன. ஒன்று என் சுண்டுவிரல் நகம் அளவு. மற்றது அதைவிடக் கொஞ்சம் பெரிது.

முதலில் வேறு மாதிரிதான் எழுதினேன். அரண்மனை, பீரங்கி, பன்னிரண்டு நாட்டுத் தூதர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். பிறகு எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு என்பதே எனக்கு மூச்சு முட்டும் அளவுக்குப் பெரிய எண்ணாக இருந்தது. உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்" என்றாள். நான் அதுவரை வாயே திறக்கவில்லை.

அதே சூட்டில் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

"கன்னு விட்டிருக்கு" என்றேன்.

"பார்த்தேன். அதைச் சொல்லவா இப்படி மூச்சு வாங்குது? என்ன விஷயம், சரியா சொல்லுங்க."

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு..."

"எப்போ?"

"மருமக ஊருக்கு வந்ததும்."

"அது எப்போ?"

"டிசம்பர்ல."

"டிசம்பர்ல எப்போ?"

"நீங்க சொல்ற அன்னிக்கு."

"அப்ப சரி" என்றார். சிரித்தார். அளவுகோல் எதுவும் வைக்காமல்தான் சிரித்தார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

சீக்கிரம் வா.

மாமா

நான் மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன். ஒரு தவறு இருக்கிறது. கன்றுகள் இரண்டு அல்ல, மூன்று. உங்கள் மாமா தொட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது பின்பக்கம், கடைசி இலைக்குக் கீழே, நான்கு மில்லிமீட்டர் இருக்கிறது. மற்றதெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார்.

கண்ணாடிக்கடை